போனைப் பறிக்காமல் ஒரு பாதுகாப்புப் பாடம்: பாடசாலையில் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

"பிள்ளைகளுக்கு இன்டர்நெட் பாதுகாப்புப் பற்றிக் கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன்" என்று அதிபர் ஒருவரைப் பிடிப்பார். அவர் ஐசிடி (தகவல் தொழில்நுட்பம்) படிப்பிக்கிறவராக இருப்பார், அல்லது ஆலோசனை வழிகாட்டலுக்குப் பொறுப்பானவராக இருப்பார். இரண்டும் இல்லாவிட்டால் ஆசிரியர்களில் வயது குறைந்தவராக இருப்பார். என் தலையில் விழுந்தது மூன்றாவது காரணத்தால். நான் தமிழ்ப் பாட ஆசிரியை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் பாடசாலை, காலையில் வாவியைக் கடந்து போய் மத்தியானம் திரும்புகிறவள். பிறகு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலும் அம்பாறைக் கரையோரத்திலும் சில பாடசாலைகளில் இதே பாடத்தை நடத்தியிருக்கிறேன். எனக்குச் சரிவந்ததையும் பிழைத்ததையும் இங்கே எழுதுகிறேன்.

பிழைத்தது முதலில். மண்டபத்தில் தரம் 9 முதல் 11 வரை எல்லோரையும் இருத்தி, புரொஜெக்டரில் பத்திரிகைச் செய்திகளைப் போட்டு, 40 நிமிடம் பயமுறுத்தினேன். பிள்ளைகள் மூச்சுவிடாமல் கேட்டார்கள். நல்ல பாடம் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த கிழமை ஒரு பிள்ளை வந்து சொன்னாள்: "டீச்சர், நீங்க சொன்னதக் கேட்டு அப்பா போன வாங்கி அலுமாரிக்குள்ள வச்சுப் பூட்டிட்டார்." பக்கத்தில் நின்றவள் மெதுவாகச் சேர்த்தாள்: "இனி ஏதும் நடந்தாலும் வீட்டில சொல்ல ஏலாது."

அந்த இரண்டாவது வசனத்தில்தான் என் பாடம் திரும்பத் தொடங்கியது. தவறான ஒருவனிடம் மாட்டிக்கொண்ட பிள்ளை அவனுக்குப் பயப்படுவதைவிட, போனைப் பறிகொடுப்பதற்கும் வீட்டில் அடிவாங்குவதற்கும் கூடப் பயப்படுகிறது. மிரட்டுகிறவனுக்கும் இது தெரியும். "அம்மாட்டச் சொல்லுவன்" என்பதே அவன் கையிலுள்ள பெரிய ஆயுதம். ஆகவே கீழே சொல்வதெல்லாம் ஒன்றைச் சுற்றித்தான்: ஏதாவது நடந்தால் பிள்ளை அன்றைக்கே வந்து வாய்திறக்க வேண்டும்.

அதிபரோடு முதலில் பேசி முடிக்க வேண்டியவை

மண்டபம் வேண்டாம் என்று சொல்லுங்கள். காலைக் கூட்டமும் வேண்டாம். வகுப்பு வகுப்பாக, கிழமைக்கு ஒரு பாடவேளை, ஐந்தாறு கிழமை கேளுங்கள். 300 பேர் இருக்கும் இடத்தில் எந்தப் பிள்ளையும் கேள்வி கேட்காது; 30 பேர் இருக்கும் இடத்தில் இரண்டு பேர் கேட்கும், மூன்றாவது பிள்ளை மணி அடித்த பிறகு கதவடியில் நிற்கும். நீங்கள் காத்திருப்பது அந்த மூன்றாவது பிள்ளைக்காக.

அடுத்தது, ஒரு பிள்ளை வந்து ஏதாவது சொன்னால் பாடசாலை என்ன செய்யும் என்பதைத் தொடங்கும் முன்பே தீர்மானித்து எழுதிவையுங்கள். யாரிடம் போகும், எத்தனை பேருக்குத் தெரியும், எங்கே அறிவிப்போம். இதை எழுதாமல் விட்டால், விஷயம் வரும் நாளில் "பாடசாலைப் பேர் கெட்டுப்போகும், இரண்டு வீட்டாரையும் கூப்பிட்டுப் பேசி முடிப்போம்" என்று யாராவது ஒருவர் சொல்வார். நல்ல மனதோடுதான் சொல்வார். பேசி முடித்த பிறகு படம் மட்டும் ஊருக்குள் ஓடிக்கொண்டே இருக்கும்.

வெளியாரை அழைப்பதென்றால் வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதி எடுத்துக்கொள்ளுங்கள். பொலிஸ் நிலையத்தின் சிறுவர் மற்றும் பெண்கள் பணியகத்திலிருந்து உத்தியோகத்தர்கள் வந்து நன்றாகவே பேசுவார்கள். ஆனால் அவர்களை முதல் பாடத்துக்குக் கூப்பிடாதீர்கள். காக்கியைக் கண்டதும் பிள்ளைகளின் வாய் பூட்டிக்கொள்ளும். நான்காவது, ஐந்தாவது கிழமையில் வந்தால், பிள்ளைகளிடம் கேட்க ஏற்கெனவே கேள்விகள் இருக்கும்.

வகுப்பில் யாரிடம் என்ன இருக்கிறது?

சின்னத் துண்டுக் கடதாசி கொடுங்கள். பேர் எழுதவே கூடாது. நான் கேட்பவை இவ்வளவுதான்: நீ பாவிக்கும் போன் யாருடையது? அதிலுள்ள சிம் யாருடைய பேரில்? உன் கணக்கை யார் திறந்து தந்தது? உனக்குப் பிடிக்காத ஒன்று போனில் வந்திருக்கிறதா, வந்தால் யாரிடம் சொன்னாய்?

பதில்கள் ஒவ்வொரு ஊரிலும் கொஞ்சம் மாறும், ஆனால் சில திரும்பத் திரும்ப வரும். அம்மா கட்டாரிலோ சவூதியிலோ வேலைக்குப் போயிருப்பார்; அவரோடு கதைக்கவென்று வாங்கிய போன் அம்மம்மாவின் பேரிலும் பிள்ளையின் கையிலும் இருக்கும். கொரோனாக் காலத்தில் ஒன்லைன் வகுப்புக்கென்று கடன்பட்டு வாங்கிய போன் இன்றைக்கு மூன்று பிள்ளைகளுக்குப் பொது. சிம் மாமாவின் அடையாள அட்டையில். ஜிமெயில், பேஸ்புக் எல்லாம் சந்தியிலுள்ள கொமினிகேஷன் கடையில் திறந்தது. கடைசிக் கேள்விக்குப் பலர் "ஒருவரிடமும் சொல்லவில்லை" என்று எழுதுவார்கள். அந்தத் துண்டுகளை அதிபருக்குக் காட்டுங்கள். உங்களுக்கு ஏன் ஆறு பாடவேளை வேண்டும் என்பதை நீங்கள் விளக்கத் தேவையிருக்காது.

முதலில் உங்கள் போன்

பிள்ளைகளுக்குச் சொல்வதை நாம் செய்திருக்கிறோமா? நான் செய்திருக்கவில்லை. வட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், அக்கவுண்ட் என்று போய் இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கி ஆறு இலக்கப் பின் நம்பர் ஒன்று போடுங்கள். பிறகு 'லிங்க்ட் டிவைசஸ்' பக்கத்தைத் திறந்து பாருங்கள். உங்களுக்குத் தெரியாத கணினி ஏதாவது அதில் இருந்தால், உங்கள் செய்திகளை வேறு யாரோ வாசித்துக்கொண்டிருக்கிறார். அரை நிமிடம் உங்கள் போன் அவர் கையில் இருந்தாலே கியூஆர் குறியை ஸ்கேன் பண்ணி இதைச் செய்துவிடலாம்.

அதைவிட முக்கியம் உங்கள் வகுப்புக் குழு. 2020இல் அவசரத்துக்குத் தொடங்கிய வட்ஸ்அப் குழுக்கள் இன்னும் பல வகுப்புகளில் ஓடுகின்றன. குழுவில் இருக்கும் எல்லோருக்கும் எல்லோருடைய நம்பரும் தெரியும். பெண்பிள்ளைகளின் நம்பர் வெளியே போவது எப்படி என்று நாம் ஊரெல்லாம் தேடுகிறோம். பல தடவை அது நம் குழுவிலிருந்தும் டியூசன் குழுவிலிருந்தும்தான் போகிறது. அறிவித்தல் மட்டும் அனுப்புவதென்றால் 'புரோட்காஸ்ட்' பட்டியல் போதும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும், ஒருவருக்கு மற்றவரின் நம்பர் தெரியாது. ஒரேயொரு நிபந்தனை, அவர்கள் உங்கள் நம்பரைச் சேமித்து வைத்திருக்க வேண்டும். குழுவாகவே இருக்க வேண்டுமென்றால் பெற்றோரின் நம்பரை மட்டும் சேருங்கள்.

இன்னுமொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபிக்கக் கூடாது. புலமைப்பரிசில் முடிவு வந்ததும் பிள்ளையின் படம், முழுப்பேர், தகப்பன் பேர், ஊர், புள்ளி எல்லாம் போட்டுப் பெரிய பதாகை அடித்து அதைப் பேஸ்புக்கிலும் ஏற்றுகிறோம். பத்து வயதுப் பிள்ளையைப் பற்றி முன்பின் தெரியாதவன் தெரிந்துகொள்ள வேண்டிய அத்தனையும் அதில் இருக்கிறது. "உங்க பள்ளிக்கூடத்து சேரின்ட கூட்டாளி நான்" என்று கதையைத் தொடங்க அவனுக்கு வேறென்ன வேண்டும்? வாழ்த்துவோம், ஊரையும் தகப்பன் பேரையும் விட்டுவிட்டு வாழ்த்துவோம்.

பிரிஸ்டல் போர்ட் போன்

மாணவர்கள் பாடசாலைக்குப் போன் கொண்டுவர முடியாது. கணினி அறையில் ஓடுகிற கணினிகளை எண்ண ஒரு கை விரல் போதும். மின்சாரமும் அன்றைக்குப் பார்த்துத்தான் போகும். அதனால் நான் பிரிஸ்டல் போர்டில் இரண்டடி உயரத்துக்கு ஒரு போன் வெட்டி வைத்திருக்கிறேன். திரை இருக்கும் இடம் ஓட்டை. உள்ளே செருகுவதற்குத் தனித்தனித் தாள்கள்: ஒரு செய்தி, ஒரு நட்பு அழைப்பு, ஒரு பரிசு அறிவித்தல், ஒரு ஓடிபி (ஒருமுறை மட்டும் செல்லும் இரகசியக் குறியீடு). ஒரு பிள்ளை போனைப் பிடிக்கும், நான் தாளை மாற்றுவேன், வகுப்பு "என்ன செய்யலாம்?" என்று கத்தும். சிரித்துக்கொண்டே படிக்கிறார்கள்.

தொடங்க நல்லது ஓடிபி பாடம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நடக்கிற விதம் இதுதான்: தெரிந்த ஒருவரின் கணக்கிலிருந்து "மச்சான், தவறி உன்ட நம்பருக்கு ஒரு கோட் வந்திட்டு, அனுப்பிவிடு" என்று செய்தி வரும். அது உங்கள் வட்ஸ்அப்பையே வேறொரு போனில் திறப்பதற்கான ஆறு இலக்கம். அனுப்பினால் உங்கள் கணக்கு அவனிடம் போய்விடும். அதே செய்தி உங்கள் பேரில் உங்கள் கூட்டாளிகளுக்குப் போகும். அடுத்தது "அவசரமாக 10,000 ரூபா போட்டுவிடுங்கள்" என்று உங்கள் மாமிக்குப் போகும். "வீட்டுத் திறப்பைப் படலைக்கு வெளியே நீட்டுவது போல" என்று ஒருமுறை தரம் 7 பிள்ளை சொன்னது. நான் தேடி வைத்திருந்த உவமையை அன்றோடு விட்டுவிட்டேன்.

கணக்கு போய்விட்டால் என்ன செய்வது என்பதையும் அதே பாடத்தில் சொல்லுங்கள். உங்கள் நம்பரைப் போட்டு வட்ஸ்அப்பை மறுபடி பதிந்தால் புதிய குறியீடு வரும், அதைப் போட்டதும் அவன் வெளியேறிவிடுவான். அவன் முந்திக்கொண்டு இரண்டு படிப் பின் நம்பர் போட்டிருந்தால் ஏழு நாள் காத்திருக்க வேண்டும், ஆனால் அந்த ஏழு நாளும் அவனாலும் பாவிக்க முடியாது. உடனே எல்லோருக்கும் சாதாரணக் கோல் எடுத்துச் சொல்லிவிட வேண்டும். யாரோ சொன்னார்கள் என்று நட்சத்திரக் குறியோடு தொடங்கும் ஏதாவது நம்பரை அழுத்தியிருந்தால், கோல்கள் வேறு நம்பருக்குத் திருப்பப்பட்டிருக்கலாம். ##002# என்று அழுத்தினால் அந்தத் திருப்பல் எல்லாம் நீங்கும்.

கணக்கு யாருடையது?

கொமினிகேஷன் கடைக் கதைக்கு வருவோம். கடைத் தம்பி உதவிதான் செய்கிறார். ஆனால் கெதியாக முடிக்க வேண்டுமென்று மீட்பு நம்பராகத் தன் நம்பரைப் போட்டுவிடுவார், பாஸ்வேர்டைக் கொப்பியில் எழுதி வைத்துவிடுவார். அவர் நல்லவர் என்றே வைத்துக்கொள்வோம். அந்தக் கொப்பியை யார் புரட்டுகிறார்கள் என்று அவருக்கும் தெரியாது. ஆகவே வீட்டுப்பாடம் ஒன்று கொடுங்கள்: கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் மீட்பு நம்பர் யாருடையது என்று பார், வேறு ஆளுடையது என்றால் மாற்று, பிறகு பாஸ்வேர்டை மாற்று. இந்த வரிசை முக்கியம்.

பாஸ்வேர்ட் நீளமாக இருக்கட்டும், சம்பந்தமில்லாத நாலு சொல் சேர்த்தால் போதும். பிறந்த நாளும் போன் நம்பரும் வேண்டாம். காதலின் அடையாளமாகப் பாஸ்வேர்டைப் பகிர்கிற வழக்கம் தரம் 10, 11இல் இருக்கிறது. அதைக் கேலி பண்ணாமல் கதையுங்கள். பிரிந்த பிறகு என்ன நடக்கும் என்று அவர்களையே சொல்லவிடுங்கள். மற்றவரின் கணக்குக்குள் அனுமதியில்லாமல் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணினிக் குற்றச் சட்டத்தின்படி குற்றம் என்று சொன்னால் ஆண்பிள்ளைகள் பக்கம் கொஞ்சம் அமைதி வரும். சட்டம் இந்தளவு போதும். பிரிவு பிரிவாக வாசித்தால் நித்திரை கொள்வார்கள்.

வயதும் இங்கேதான் வரும். பேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டொக், வட்ஸ்அப் எல்லாவற்றுக்கும் ஆகக் குறைந்த வயது 13. பத்து வயதில் கணக்குத் திறந்த பிள்ளை பிறந்த ஆண்டை 2000 என்றோ 1998 என்றோ போட்டிருக்கும். அன்றிலிருந்து அந்தச் செயலி பிள்ளையை வளர்ந்த ஆளாகவே நடத்தும். டிக்டொக்கில் 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு நேரடிச் செய்தி வராது. இந்தப் பிள்ளைக்கு வரும். "பொய் சொன்னாய்" என்று கண்டிப்பதால் பயனில்லை. அந்தப் பொய்யால் எந்தக் கதவு திறந்துகொண்டது என்பதைக் காட்டினால் விளங்கிக்கொள்வார்கள்.

போலி லிங்குகளுக்குப் பாதிப் பாடவேளை போதும். இலவச 50 ஜிபி டேட்டா, மடிக்கணினி, "15 பேருக்கு அனுப்பினால் கிடைக்கும்". யாராவது ஒருவருக்கு உண்மையிலேயே கிடைத்ததா என்று கேளுங்கள், வகுப்பே சிரிக்கும். சாதாரண தரப் பரீட்சை முடிவு வரும் நாட்களில் மட்டும் கொஞ்சம் நின்று சொல்லுங்கள். பதற்றத்தில் பிள்ளைகள் கண்ட லிங்கையும் தொட்டுச் சுட்டெண்ணையும் அடையாள அட்டை நம்பரையும் கொடுப்பார்கள். பரீட்சைத் திணைக்களத்தின் தளத்தைக் கொப்பியின் முன்பக்கத்தில் இப்போதே எழுதி வைக்கச் சொல்லுங்கள், அன்றைக்கு அதைத் தட்டச்சுச் செய்தே போகட்டும்.

படப் பாடம்

இதற்கு இரண்டு பாடவேளை ஒதுக்குங்கள். முடிந்தால் ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் தனித்தனியாக ஒன்று, சேர்த்து ஒன்று. பெண்பிள்ளைகளுக்கு மட்டும் நடத்திவிட்டு நிறுத்துகிறவர்கள் பலர். நானும் அப்படித்தான் இருந்தேன். "படம் அனுப்பாதே" என்று ஒரு பக்கத்துக்குச் சொல்லிவிட்டு, "படம் கேட்காதே, வந்ததைப் பரப்பாதே" என்று மறுபக்கத்துக்குச் சொல்லாவிட்டால், குற்றம் எப்போதும் அனுப்பியவள் தலையில்தான் விழும். மிரட்டிப் பணம் கேட்பவர்கள் ஆண்பிள்ளைகளையும் பிடிக்கிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். அவர்கள் பெண்பிள்ளைகளைவிடக் குறைவாகவே வாய்திறக்கிறார்கள்.

தொழில்நுட்பப் பகுதி சுருக்கமானது. ஒருமுறை மட்டும் பார்க்கும் படத்தையும் இன்னொரு போனால் படமெடுக்கலாம். அழித்துவிட்டேன் என்று நீங்கள் நினைத்தது மறுபக்கத்தில் சேமிக்கப்பட்டிருக்கலாம். போனைத் திருத்தக் கொடுக்கும்போது மெமரி கார்டைக் கழற்றுங்கள், கலரியைத் திறந்துவிட்டுக் கொடுக்காதீர்கள். படத்தின் பின்னணியில் சீருடைச் சின்னமும் வீட்டுப் படலையும் தெரிந்தால் விலாசத்தைத் தனியாக எழுதத் தேவையில்லை.

மீதி நேரம் மனிதர்களைப் பற்றியது. பிரிஸ்டல் போர்ட் போனில் ஒரு உரையாடலை நாள் நாளாக மாற்றுவேன். முதல் நாள்: "டான்ஸ் நல்லா இருந்திச்சு." மூன்றாம் நாள்: "வீட்டில யாரும் என்னப் புரிஞ்சுகொள்றதில்ல, உன்னோட மட்டும்தான் கதைக்கலாம்." ஏழாம் நாள்: "இத ஒருவரிட்டயும் சொல்லாத." பத்தாம் நாள்: "இமோவுக்கு வா" (இமோ ஒரு வீடியோ கோல் செயலி). பன்னிரண்டாம் நாள்: "ஒரு படம் அனுப்பு, நம்பிக்கை இல்லையா?" எந்த நாளில் உங்களுக்கு ஒரு மாதிரி இருந்தது என்று கேட்பேன். சிறு வகுப்புப் பிள்ளைகள் பன்னிரண்டு என்பார்கள், பெரியவர்கள் ஏழு என்பார்கள். ஒருமுறை வாழைச்சேனைப் பக்கத்துப் பாடசாலையில் ஒரு பையன் மூன்று என்றான். ஏன் என்றேன். "அம்மா வெளிநாட்டில இருக்கிற பிள்ளைக்கு அந்த வசனம் நல்லா வேலை செய்யும் டீச்சர்" என்றான். அதற்கு மேல் நான் அவனிடம் கேட்கவில்லை. மணி அடித்த பிறகு அவன் கதவடியில் நின்றான்.

இப்போது இன்னொரு விஷயமும் சேர்ந்திருக்கிறது. சாதாரண முகப் படத்தை வைத்தே செயற்கை நுண்ணறிவுச் செயலிகளால் ஆபாசப் படம் செய்கிறார்கள். ஆகவே ஒரு பிள்ளை "நான் ஒன்றும் அனுப்பவில்லை" என்று சொன்னால் நம்புங்கள். அனுப்பியிருந்தாலும் செய்ய வேண்டியவை அதேதான்.

கதவடியில் நிற்கும் பிள்ளை

இந்தப் பகுதியை இரண்டு தடவை வாசியுங்கள்.

முதல் வசனத்தை இப்போதே பாடமாக்கிக்கொள்ளுங்கள். என்னுடையது: "சொன்னது நல்லது மகள். இது உன்ட பிழையில்ல. போன ஒருவரும் பறிக்கமாட்டம்." 'ஏன் அனுப்பினாய்' என்ற கேள்வி உங்கள் தொண்டைவரை வரும். விழுங்குங்கள். அந்த ஒரு கேள்வியோடு பிள்ளை திரும்பிப் போய்விடும், பிறகு வராது. "ஒருவருக்கும் சொல்லமாட்டேன்" என்றும் சத்தியம் பண்ணாதீர்கள், அதை உங்களால் காப்பாற்ற முடியாது. "தேவையான ஆக்களுக்கு மட்டும் சொல்வோம், உனக்குச் சொல்லிப்போட்டுத்தான் சொல்வோம்" என்பது உண்மையான வாக்கு.

படத்தைப் பார்க்கக் கேட்காதீர்கள். உங்கள் போனுக்கு அனுப்பச் சொல்லவே கூடாது. சிறுவரின் ஆபாசப் படத்தை வைத்திருப்பதும் பகிர்வதும் தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம். ஆதாரத்துக்காக என்று அதிபரின் போனுக்கும் ஒழுக்காற்றுக் குழுவின் போன்களுக்கும் படம் போனால், பரப்பியவர்களின் பட்டியலில் நாமும் சேர்ந்துவிடுவோம். பிள்ளையின் மானம் அதைவிடப் பெரிது. என்ன இருக்கிறது என்று வாயால் சொன்னால் போதும்.

ஆதாரம் வேண்டும், அது வேறு. மிரட்டல் செய்திகள் தெரியும்படி ஸ்கிரீன்ஷொட், அந்தக் கணக்கின் பேர், கணக்குக்கான லிங்க், போன் நம்பர், திகதி, நேரம். பணம் கேட்டால் அவன் கொடுத்த வங்கிக் கணக்கு நம்பரும். இவற்றை எழுதி வைத்த பிறகுதான் புளொக் பண்ண வேண்டும். பயத்தில் உரையாடலை அழித்துவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கும். அழிக்க வேண்டாம் என்று பாடத்திலேயே சொல்லி வையுங்கள். பணம் கொடுக்க வேண்டாம் என்பதையும் சொல்லுங்கள். கொடுத்தால் அவன் திரும்பக் கேட்பான். தோட்டை அடகு வைத்துக் கொடுத்த பிள்ளையை எனக்குத் தெரியும். அடுத்த நாளே திரும்பக் கேட்டான்.

அறிவிக்கும் இடங்கள் இவை. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929. இலவசம், இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம், தமிழில் கதைக்கலாம். நான் முதலில் எடுப்பது இதைத்தான். பக்கத்துப் பொலிஸ் நிலையத்தின் சிறுவர் மற்றும் பெண்கள் பணியகம். உங்கள் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார். பொலிஸுக்குப் போகப் பயப்படும் பெற்றோரை அவரிடம் கூட்டிப்போனால் பாதிப் பயம் தெளியும். கணக்கு பறிபோனது, போலிக் கணக்கு போன்றவற்றுக்கு 101 என்ற நம்பரில் கணினிப் பாதுகாப்பைப் பார்க்கும் அரச நிறுவனமான ஸ்ரீலங்கா சேர்ட் இருக்கிறது. பிள்ளை உயிரை மாய்ப்பது பற்றி ஒரு சொல் சொன்னாலும் தனியே விடாதீர்கள். 1926 தேசிய மனநல நிறுவகத்தின் நம்பர், அதற்கு முன் பிள்ளையின் பக்கத்தில் ஓர் ஆள்.

படம் பரவும் பயத்துக்கு ஒரு கருவி இருக்கிறது, நம்மவர்களில் அதிகம் பேருக்குத் தெரியாது. 18 வயதுக்கு முன் எடுத்த படங்களுக்கு 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை 2023 முதல் உண்டு; அமெரிக்காவில் காணாமற்போன சிறுவர்களுக்காக இயங்கும் தேசிய நிலையம் நடத்துவது. வளர்ந்தவர்களுக்கு 'ஸ்டொப் என்சிஐஐ'. படத்தை எங்கும் அனுப்பத் தேவையில்லை. போனிலேயே படத்தின் கைரேகை போல ஒரு எண் தயாராகும், அந்த எண் மட்டும் போகும். சேவையில் சேர்ந்துள்ள பேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டொக் போன்ற தளங்கள் அதே படம் ஏறினால் கண்டுபிடிக்க அதைப் பாவிக்கும். வட்ஸ்அப் உரையாடலுக்குள் ஓடுவதை இது நிறுத்தாது. அங்கே தடுக்கக்கூடியவர்கள் நம் வகுப்பில் இருக்கும் மற்றப் பிள்ளைகள்தான், படப் பாடத்தை ஆண்பிள்ளைகளுக்கும் நடத்தச் சொன்னது அதனாலும்.

பெற்றோர் கூட்டம்

வேளாண்மை வெட்டுக் காலத்தில் கூட்டம் வைக்காதீர்கள். எல்லோரும் வட்டையில் (வயலில்) இருப்பார்கள், நீங்கள் கதிரைகளோடு கதைக்க வேண்டிவரும். மாணவர் தேர்ச்சி அறிக்கை கொடுக்கும் நாளோடு சேர்த்து அரை மணித்தியாலம் வையுங்கள். அன்றைக்கு வந்தே ஆக வேண்டும். கரையோர முஸ்லிம் பாடசாலைகளில் வெள்ளிக்கிழமையைத் தவிருங்கள். வருகிறவர்கள் பெரும்பாலும் அம்மாக்களும் அம்மம்மாக்களும், உம்மாக்களும். "எனக்குப் போன் தெரியாது மகள்" என்று அம்மம்மா கையை விரிப்பார். அவருக்குப் போன் தெரியத் தேவையில்லை, பிள்ளையின் முகம் தெரிந்தால் போதும். போன் அடிக்கும்போது திடுக்கிடுகிறதா, வெளியே ஓடுகிறதா, சாப்பாடு குறைகிறதா, காசு குறைகிறதா?

வீட்டுக்கு நான் சொல்லும் ஏற்பாடுகள் சில. இரவில் எல்லோருடைய போனும், அப்பாவுடையதும் சேர்த்து, சாமியறையிலோ முன்னறையிலோ சார்ஜில் கிடக்கட்டும். அப்பாவின் போன் விதிவிலக்கு என்றால் அந்த விதி ஒரு கிழமை தாங்காது. சின்னப் பிள்ளைகளுக்குக் கூகுளின் ஃபேமிலி லிங்க் பூட்டிக் கொடுக்கலாம். அமைக்கத் தெரியாத பெற்றோருக்கு உயர்தர வகுப்புப் பிள்ளைகள் இருவரை ஒரு மேசை போட்டு இருத்தினால் அன்றைக்கே செய்து கொடுப்பார்கள்.

வெளிநாட்டில் அம்மா இருக்கும் வீடுகளுக்கு ஒரு இரகசியச் சொல் வைக்கச் சொல்லுங்கள். "அம்மாதான் கதைக்கிறன், போன் உடைஞ்சிட்டு, இது புது நம்பர், அனுப்பின காச இந்தக் கணக்குக்குப் போடுங்க" என்று வந்தால், அந்தச் சொல்லைக் கேட்க வேண்டும். குரலைக்கூட இப்போது போலியாகச் செய்ய முடிகிறது. ஊர்க் கோயில் பேர், அம்மாவின் பேர் வேண்டாம், அதெல்லாம் பேஸ்புக்கில் இருக்கும். ஓர் அம்மம்மா அந்த இடத்திலேயே தங்கள் சொல்லைத் தீர்மானித்து, சத்தமாக எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். திரும்பவும் ஒன்று யோசிக்க வேண்டியதாகிவிட்டது. கூட்டத்தில் அன்றைக்கு எல்லோரும் விழித்திருந்ததும் அப்போதுதான்.

கடைசியாக நீங்கள் கேட்க வேண்டியது ஒரு வாக்கு: பிள்ளை வந்து சொன்னால், அன்றைக்குப் போனைப் பறிக்கமாட்டேன், அடிக்கமாட்டேன். இதைக் கையொப்பமாக வாங்கி, பிள்ளையின் கொப்பியில் ஒட்டிக் கொடுங்கள். சில அப்பாக்கள் ஒப்பமிட மறுப்பார்கள். பரவாயில்லை, அந்தப் பிள்ளைகள் யார் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். அவர்களுக்கு உங்கள் பேரை எழுதி ஒட்டுங்கள்.

1929ஐ எங்கே ஒட்டுவது என்பது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். நான் முதலில் அலுவலக அறிவித்தல் பலகையில் ஒட்டினேன். அதற்கு முன்னால் நின்று நம்பரை எழுத எந்தப் பிள்ளைக்கும் துணிவு வராது, யாராவது பார்த்தால் "உனக்கென்ன நடந்த?" என்று கேட்பார்கள். இப்போது மலசலகூடக் கதவுகளின் உட்பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன், நிற்கும் பிள்ளையின் கண் மட்டத்தில். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஈரத்தில் கழன்றுவிடும். மாற்றுவதற்குத் தரம் 8இல் ஒரு பிள்ளையைப் பொறுப்பு வைத்திருக்கிறேன். அவள் இப்போது பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டுகிறாள்.